கிலோவின் கண்ணும் என் ஐம்பத்தொன்றும்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டில் மட்டும் தலைகாட்டும். எங்கள் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோருக்கும் அவள் கிலோதான். அந்தப் பெயரை வைத்தவள் நான். வைத்த அன்றே அவளும் சும்மா இருக்காமல் எனக்கு ஊசி என்று பெயர் வைத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நர்சுகள். அப்போது நான் அவ்வளவு ஒல்லி. பதினான்கு வருஷமாக அந்தப் பெயரைப் பட்டம் வாங்கினவள் போலச் சுமந்துகொண்டு திரிந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையின் வில்லங்கம் முழுக்க அங்கிருந்துதான் கிளம்பியது.

மற்றவர்கள் ஓர் ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பார்கள், உடுப்பைப் பார்ப்பார்கள். கிலோ எடையைப் பார்ப்பாள். எங்களோடு வேலை செய்த ஒருத்திக்குக் குழந்தை பிறந்து, எல்லோரும் பார்க்கப் போனோம். ஒருத்தி அப்பா ஜாடை என்றாள், இன்னொருத்தி அம்மா மூக்கு என்றாள். கிலோ குழந்தையைக் கையில் வாங்கி ஒரு தடவை ஏற்றி இறக்கி, "மூணு இருநூத்தம்பது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அழகு என்று ஒரு வார்த்தை கிடையாது. பெற்றவளுக்கு முகம் விழுந்துவிட்டது. மறுநாள் போன் செய்து, "தடுப்பூசி போடப் போனப்ப எடை பார்த்தாங்க. மூணு இருநூத்தி நாப்பதுதான். பத்து கிராம் கூடச் சொல்லிட்டீங்க" என்று சண்டை பிடித்தாள். "தலைக் குல்லாவைக் கழிக்க மறந்துட்டேன், மன்னிச்சுக்கோ" என்றாள் கிலோ. உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

அவள் தெருவில் காய்கறிக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவர் நீட்டிய பையைக் கையில் பிடித்தபடியே, "இது ரெண்டு கிலோ இல்லண்ணே. ஆயிரத்து எழுநூறு" என்றாள். அவர் கடவுள்மேல் சத்தியம் செய்தார், தராசுமேல் சத்தியம் செய்தார், பிள்ளைகள்மேல் செய்யப்போகும்போது இவள் கையமர்த்தி, "பிள்ளைங்களை விடுங்க, தராசுக்கு அடியில என்ன இருக்குன்னு பாருங்க" என்றாள். அடியில் ஒரு காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் வைத்தது என்று அவருக்குச் சுத்தமாகத் தெரியாதாம். இப்போதெல்லாம் அவள் தெருமுனையில் திரும்பும்போதே அவர் எழுந்து நின்றுவிடுகிறார்.

இதெல்லாம் வேடிக்கைக்காகப் பழகியது இல்லை. பெரியவர்கள் வார்டில் ஆள் எப்படி இருந்தாலும் பல மருந்துகள் ஓர் அளவுதான். எங்களிடம் மூன்று கிலோக் குழந்தையும் முப்பது கிலோப் பையனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பார்கள். ஒருவனுக்கு உயிர் கொடுக்கும் அளவு மற்றவனுக்கு எமன். அதனால் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். முதல் வரி எடை. அதன் கீழே ஒன்பது வரிகள். நின்றுபோன இதயத்தைத் தட்டி எழுப்பும் அட்ரினலின் எத்தனை மில்லி, தொண்டையில் குழாய் போடுமுன் தூங்க வைக்கும் மருந்து எவ்வளவு, தசையைத் தளர்த்தும் மருந்து எவ்வளவு, சுவாச மெஷின் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தள்ள வேண்டும் என்று வரிசையாக வரும். குழந்தை மூச்சை நிறுத்திய பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் குழந்தை வந்து சேர்ந்ததுமே போட்டு மாட்டிவிடுவோம்.

அந்தக் கணக்கை இரண்டு நர்சுகள் தனித்தனியாகப் போட்டு, கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த இரண்டு பேர் நாங்கள்தான். கிலோ தன் தாளை இடது கையால் வளைத்து மறைத்துக்கொள்வாள். நான் என்னவோ அவளைப் பார்த்து எழுதி முதல் மார்க் வாங்கிவிடப்போகிறேன் என்பது போல!

இன்னொரு பழக்கமும் உண்டு. டாக்டர் ஒரு மருந்தைச் சொன்னால் நாங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் 'சரி' என்ற பிறகுதான் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் கொடுத்தாயிற்று என்று உரக்கச் சொல்ல வேண்டும். வேலையில் எல்லோரும் செய்வதுதான். கிலோ வீட்டிலும் செய்தாள். அவள் வீட்டுக்காரர் தையல்காரர், சாது மனிதர். "ஒரு டீ குடும்மா" என்பார். "டீ ஒண்ணு, சர்க்கரை அரை ஸ்பூன். சரியா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அவர் வாயில் நூலைக் கடித்துக்கொண்டிருந்து பதில் சொல்லாவிட்டால் டீ வராது. "சரி" என்ற பிறகு வரும். வந்ததும், "டீ ஒண்ணு கொடுத்தாச்சு, மணி ஆறு இருபது" என்பாள். முதல் வருஷம் பயந்துபோனாராம். இப்போது அவரே, "சட்டை ஒண்ணு, கை நீளம் இருபத்தி நாலு, சரியா?" என்று வாடிக்கையாளர்களிடம் கேட்கிறாராம். அதன் பிறகு ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லையாம்.

ஊரார் எடையெல்லாம் சொல்லும் இந்த மகராசி தன் எடையை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆள் வாட்டசாட்டமானவள், நடந்தால் மருந்து அலமாரிக் கண்ணாடி லேசாக அதிரும். ஆனால் நம்பர் தெரிய வேண்டாமா? ஒருநாள் அவள் வீட்டுக்காரரையே மடக்கினேன்.

"அண்ணே, உங்களுக்கு அவ அளவெல்லாம் தெரியும்ல?"

"இஞ்ச் தெரியும் தங்கச்சி. கிலோ தெரியாது."

"சரி, இஞ்சையாவது சொல்லுங்க. கணக்குப் போட்டுக்கிறேன்."

அவர் தையல் மெஷினை நிறுத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் இதே வீட்லதான் தங்கச்சி சாப்பிடணும்" என்றார்.

லிஃப்டிலும் முயன்று பார்த்தேன். எத்தனை பேர் ஏறினால் மணி அடிக்கும் என்று கணக்கு வைத்து, அவளைக் கடைசியாக ஏற்றினேன். மணி அடித்தது. கிலோ அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "ஊசி, மணி அடிக்குது. இறங்கு" என்றாள். லிஃப்டிலிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஏழு மாடி நடந்தேன்.

இப்போது அந்தத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் இரண்டு கட்டில்களில் மட்டும் எடை காட்டும் வசதி உண்டு. படுக்க வைத்தால் போதும், எண் வந்துவிடும். கைக்குழந்தைகளுக்கு ஒரு தட்டுத் தராசு இருக்கிறது. இரண்டுக்கும் வாய்ப்பில்லாத குழந்தையை ஒரு நர்ஸ் தூக்கிக்கொண்டு நடைபாதையிலிருக்கும் பெரிய தராசில் ஏறி நிற்க வேண்டும். வரும் எண்ணிலிருந்து நர்சின் எடையைக் கழித்தால் குழந்தையின் எடை. அதற்காகவே தராசுக்கு மேலே சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது, ஒன்பது நர்சுகளின் பெயர்கள், எதிரே அவரவர் எடை. வருஷா வருஷம் புதுத் தாள் ஒட்டுவார்கள். நாங்கள் வரிசையாக வந்து அவரவர் எடையை எழுதுவோம். எழுதுவோம் என்றால், பழைய தாளைப் பார்த்து எழுதுவோம். என் வரியில் ஐம்பத்தொன்று. பதினான்கு வருஷமாக ஐம்பத்தொன்று. கிலோவின் வரி மட்டும் காலி. "நான் குழந்தையைத் தூக்கிட்டு ஏறமாட்டேன், எனக்கு எதுக்கு?" என்று விட்டுவிட்டாள். நான் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி" என்று சீண்டுவேன்.

அவள் ஏறாததற்குக் காரணம் இருந்தது. அந்தத் தராசின் எண் பலகையை எந்தப் புண்ணியவான் மாட்டினானோ, உள்ளங்கை உயரச் சிவப்பு எழுத்தில், பார்வையாளர்கள் உட்காரும் நாற்காலிகளைப் பார்த்து மாட்டிவைத்திருந்தான். சினிமாக் கொட்டகையில் படம் பார்ப்பது போல இருபது பேர் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்று காலை பதினொரு மணி, பார்வையாளர் நேரம். மூன்று வயதுப் பையன் ஒருவனை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். பஞ்சு வைத்துத் தைத்த கனமான ஜாக்கெட் போட்டிருந்தான். மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் கீச்சென்று ஒரு சத்தம். தொண்டைக்குள் வீக்கம். இந்த மாதிரிக் குழந்தையை அழவிடக் கூடாது, படுக்க வைக்கவும் கூடாது. அழுதால், படுத்தால், இருக்கிற கொஞ்சம் வழியும் அடைத்துக்கொள்ளும். எடை காட்டும் கட்டில் இரண்டிலும் வேறு குழந்தைகள். நல்ல வேளையாக என் சட்டையில் குத்தியிருந்த கடிகாரம் அவனுக்குப் பிடித்துவிட்டது. கை நீட்டி என்னிடம் வந்தான். ஜாக்கெட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறினேன். அறுபத்தேழு புள்ளி நான்கு. பட்டியலைப் பார்த்தேன். ஐம்பத்தொன்று போக, பதினாறு புள்ளி நான்கு. இறங்கி, அப்பா மடியில் அவனை உட்கார வைத்து, உள்ளே எட்டிப் பார்த்து, "பதினாறு புள்ளி நாலு" என்று குரல் கொடுத்தேன். அடுத்த கட்டிலில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த கிலோ, "பதினாறு புள்ளி நாலு, சரியா?" என்றாள். "சரி" என்றேன்.

இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டோம். அவள் வழக்கம்போலத் தாளை மறைத்துக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்பது வரியும் புள்ளி மாறாமல் ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? இரண்டு பேரும் போட்டது ஒரே எடையில்தானே.

மருந்துப் புகை கொடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் வடிய ஊசி போட்டார்கள். அரை மணி நேரம் தாக்குப்பிடித்தான். பிறகு கீச்சுச் சத்தம் குறைந்தது. சத்தம் குறைந்தால் அப்பாக்கள் சந்தோஷப்படுவார்கள், நாங்கள் ஓடி வருவோம். காற்றே போகவில்லை என்று அர்த்தம். உதடு நிறம் மாறத் தொடங்கியது. தொண்டையில் குழாய் போடுவது என்று முடிவாகி, மயக்க டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் பேரளவில் மட்டும் மயக்க டாக்டர் இல்லை, பேசும்போது அவரே பாதி மயக்கத்தில் இருப்பார். குழாயைக் கையில் எடுத்தால் மட்டும் முழித்துக்கொள்வார். அப்படி ஒரு கை.

நான் அட்டையைப் பார்த்து மருந்துகளைச் சிரிஞ்சுகளில் ஏற்றினேன். ஒவ்வொன்றிலும் பெயர், அளவு, நேரம் எழுதிய சீட்டை ஒட்டினேன். சரிபார்க்க கிலோ தட்டைக் கையில் வாங்கினாள். வாங்கியவள் சிரிஞ்சைப் பார்க்காமல் பையனைப் பார்த்தாள். காலை அவன் வந்தபோது அவளுக்குப் பின்புறம் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் ஜாக்கெட்டோடு. இப்போது அப்பா மடியில் சட்டை விலகி, கால் தொங்கிக்கொண்டிருந்தது. கிலோ குனிந்து குதிகாலைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், குதிகால் பொய் சொல்லாது என்று அடிக்கடி சொல்வாள்.

"சார், நிறுத்துங்க. இவன் பதினாறு இல்ல. பதினொண்ணு."

"மூணு வயசுக்குப் பதினாறு சரிதானே சிஸ்டர்?" என்றார் மயக்க டாக்டர்.

"வயசுக்குச் சரி சார். இந்தக் காலுக்குச் சரி இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடை எடுத்தவள் நான். "ஏண்டி, மெஷின் பொய் சொல்லுமா? ரெண்டு பேரும் சேர்ந்துதானே கணக்குப் போட்டோம்?"

"மெஷின் பொய் சொல்லல" என்றாள் கிலோ.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்த அதே கண். ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஊரார் எடையை நின்ற இடத்திலிருந்து சொல்கிறவளுக்கு, தினமும் பக்கத்தில் நிற்கும் என் எடை தெரியாமல் இருக்குமா? இத்தனை வருஷமாகத் தெரிந்தே என்னை ஊசி என்று கூப்பிட்டிருக்கிறாள். பட்டியலில் இருக்கும் எண்ணை நான் இன்னமும் கழித்துக்கொண்டிருப்பேன் என்று மட்டும் அவள் நினைக்கவில்லை.

பையனின் அப்பா, "என்னங்க, என்ன ஆச்சு?" என்றார்.

"வீட்ல எடை எதுவும் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் கிலோ.

"இல்லையே சிஸ்டர். கொஞ்ச தூரம் தூக்கிட்டு நடந்தா கை வலிக்கும். அவ்வளவுதான் தெரியும்."

மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். குரலில் மயக்கம் போய்விட்டிருந்தது. "எனக்கு நம்பர் வேணும் சிஸ்டர், கண்ணளவு வேண்டாம். தூங்க வைக்கிறதும் தளர்த்துறதும் ஒண்ணரை மடங்கு போனா பிரஷர் விழும். குறைச்சுப் போட்டா குழாய் இறங்காது. ஒரே ஒரு தடவைதான் சான்ஸ். ரெண்டு நிமிஷம் தர்றேன்."

"பையனை அசைக்க வேண்டாம்" என்றாள் கிலோ. "அறுபத்தேழு புள்ளி நாலு எழுதி இருக்கு, அது மாறாது. கழிக்கிற நம்பர்தான் வேணும். வாடி."

நடைபாதைக்கு வந்தோம். நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. மருந்துக் கிடங்குக்காரர் அட்டைப் பெட்டியோடு நின்றிருந்தார். கூட்டுகிறவர் துடைப்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். எல்லோருக்கும் என்னை ஊசி என்று தெரியும். அந்தச் சிவப்பு எண் பலகை காலியாக எரிந்துகொண்டிருந்தது.

"பட்டியல்ல இருக்கே, ஐம்பத்தொண்ணு" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"எப்ப எழுதினது?"

"போன வருஷம்."

"எப்ப *பார்த்தது*?"

கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதாமல் தாண்டிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எழுதுகிறேன். உள்ளே ஒரு குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது, நானோ மூன்று நான்கு விநாடி என் பெயரைப் பற்றி யோசித்தேன். ஊசி என்று இனிமேல் யாராவது கூப்பிடுவார்களா என்று யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

கிலோ என்னை இழுக்கவில்லை, திட்டவில்லை. விடுவிடுவென்று போய் அவளே தராசில் ஏறி நின்றாள். எண் பலகை ஒரு தடவை துடித்து நின்றது. எண்பத்து மூன்று புள்ளி நான்கு.

கிலோ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, டாக்டர் சொன்ன மருந்தைத் திருப்பிச் சொல்லும் அதே குரலில், "எண்பத்து மூணு புள்ளி நாலு. எல்லாரும் பார்த்தாச்சா?" என்றாள். பிறகு இறங்கி, என்னைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் ஆகல. இப்ப நீ ஏறு. காலையில போட்டிருந்த அதே செருப்போட" என்றாள்.

பதினான்கு வருஷம் நான் துரத்திய எண். அதை அவள் எனக்காகச் சிவப்பு எழுத்தில் ஊர் பார்க்க எரியவிட்டுவிட்டாள். ஏறினேன். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஐம்பத்தாறு புள்ளி மூன்று.

"ஐம்பத்தாறு புள்ளி மூணு. அப்ப பையன் பதினொண்ணு புள்ளி ஒண்ணு" என்று கத்திக்கொண்டே கிலோ உள்ளே ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. மருந்து அலமாரிக் கண்ணாடி நன்றாகவே அதிர்ந்தது.

ஏற்றி வைத்திருந்த சிரிஞ்சுகளைத் தட்டோடு ஓரமாகத் தள்ளினோம். அவள் ஒரு தாளில், நான் ஒரு தாளில் புதிதாகக் கணக்குப் போட்டோம். அந்த அவசரத்திலும் தாளை இடது கையால் மறைத்துக்கொண்டாள். ஒப்பிட்டோம், ஒத்துப்போயிற்று. புதிதாக ஏற்றினோம், சீட்டு ஒட்டினோம்.

"அட்ரினலின் கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும்" என்றார் மயக்க டாக்டர்.

"அட்ரினலின் ஒண்ணு புள்ளி ஒண்ணு மில்லி, எடுத்து வெச்சாச்சு, சரியா?" என்றாள் கிலோ.

"சரி. தூக்க மருந்து கொடுங்க."

"தூக்க மருந்து, பதினொரு கிலோவுக்கு, சரியா?"

"சரி."

"கொடுத்தாச்சு. மணி பதினொண்ணு அம்பத்திரெண்டு."

பையன் அப்பாவின் மடியிலேயே, குனிந்து நின்ற என் சட்டைக் கடிகாரத்தைப் பிடித்தபடி தூங்கிப்போனான். அவனைக் கட்டிலில் கிடத்தி, அப்பாவை மெல்ல வெளியே அனுப்பினோம். அடுத்த மருந்தும் போயிற்று. மயக்க டாக்டர் குனிந்தார். மானிட்டரில் ஆக்சிஜன் எண்கள் தொண்ணூறு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்று என்று இறங்கின. நான் வேண்டாத தெய்வம் இல்லை. "குழாய் உள்ள போயாச்சு" என்றார் அவர். மெஷினை மாட்டினோம். எண்பத்தேழு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றெட்டு. பிரஷர் அசையாமல் நின்றது. அட்ரினலின் சிரிஞ்ச் தொடாமல் அப்படியே கிடந்தது. அது அப்படிக் கிடந்தால்தான் எங்களுக்கு நல்ல நாள்.

கையுறையைக் கழற்றும்போது மயக்க டாக்டர் மறுபடி பாதி மயக்கத்துக்குப் போய்விட்டார். "சிஸ்டர், கண்ணளவு வேண்டாம்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"நீங்க சொன்னதுதான் சார் சரி. கண்ணை நம்பி மருந்து போடக் கூடாது. தப்புன்னு சொல்றதுக்கு மட்டும்தான் கண்ணு."

"அப்ப எனக்கு எவ்வளவு இருக்கும்?"

"எழுபத்தொம்பது சார். அதுல அரை கிலோ உங்க பாக்கெட்ல இருக்கிற சாமான்."

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்று பிற்பகல் தவறு நடந்தால் எழுத வேண்டிய படிவத்தை நானே கேட்டு வாங்கினேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. 'கருவியில் கோளாறா, ஆளிடம் கோளாறா?' என்று ஒரு கேள்வி இருந்தது. ஆளிடம் என்று குறித்தேன். 'காரணத்தைச் சுருக்கமாக எழுதவும்' என்ற இடத்தில், 'ஐந்து கிலோ, முந்நூறு கிராம் வீம்பு' என்று எழுதினேன். தலைமை நர்ஸ் அதைப் படித்துவிட்டு, "வீம்பு வேண்டாம், எடைப் பட்டியல் புதுப்பிக்கப்படவில்லைன்னு எழுதும்மா" என்று வேறு படிவம் கொடுத்தார். பிறகு ஒன்பது பேரையும் வரிசையாகத் தராசில் ஏற்றினார். பட்டியலில் எடை எழுதியிருந்த எட்டுப் பேரும் சேர்ந்து, எழுதியிருந்ததைவிட முப்பத்தொரு கிலோ அதிகம் இருந்தோம். கூட்டுகிறவர் துடைப்பத்தை வைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டாயிற்று. இனிமேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தூக்காமல் ஒரு தடவை, அந்த நேரத்திலேயே ஏறிப் பார்க்க வேண்டும். பழைய எண் கிடையாது.

அதோடு என் மனம் அடங்கவில்லை. பழைய தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கிடைத்த கடைசி ஒரு வருஷத்துத் தாள்களில், நான் தூக்கிக்கொண்டு எடை பார்த்த குழந்தைகள் மூன்று பேர். மூன்று பேரும் நல்லபடியாக வீட்டுக்குப் போயிருந்தார்கள், அவர்கள் அட்டையிலிருந்த மருந்துகள் தேவைப்படவே இல்லை. நல்லகாலம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை. தாள்களை மடியில் வைத்துக்கொண்டு மருந்து அறையில் அழுதேன். கிலோ வந்து பார்த்தவள் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

மறுநாள் எடைக் கட்டில் ஒன்று காலியானதும் பையனை அதற்கு மாற்றினோம். பதினொன்று புள்ளி இரண்டு. நூறு கிராம் குழாயும் ஒட்டுப்பட்டையுமாக இருக்கும் என்றாள் கிலோ. நாலாம் நாள் குழாயை எடுத்தோம். தகர டப்பாவில் கல் உருட்டுவது போன்ற குரலில் அவன் சொன்ன முதல் வார்த்தை, "கடிகாரம்." கழற்றிக் கொடுத்துவிட்டேன். இப்போது எனக்கு வேறு கடிகாரம்.

அவன் வீட்டுக்குப் போன அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது என் டப்பாவின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நாங்கள் சிரிஞ்சில் ஒட்டும் அதே சீட்டு. 'பெயர்' என்ற இடத்தில் ஊசி. 'அளவு' என்ற இடத்தில் 56.3. தேதி, நேரம் எல்லாம் எழுதி, 'தயாரித்தவர்' என்ற இடத்தில் கிலோவின் கையெழுத்து. 'சரிபார்த்தவர்' என்ற இடம் காலி. கிலோ எதிரே உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள் போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊசி என்ற பெயரை மட்டும் அவள் மாற்றவில்லை.

பேனாவை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது, அது எங்கள் வேலை. எழுந்து நடைபாதைக்குப் போனேன். பார்வையாளர் நேரம், நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மருந்துக் கிடங்குக்காரர் பெட்டியோடு நின்றார். நடுவில் புகுந்து தராசில் ஏறினேன். எண்ணைப் பார்த்தேன். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்து, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"ஏய் கிலோ! ஐம்பத்தாறு புள்ளி எட்டுடி! அரைக் கிலோ ஏறியிருக்கு!"

உள்ளேயிருந்து, வாயில் சோற்றோடு, அவள் குரல் வந்தது.

"ஐம்பத்தாறு புள்ளி எட்டு. சரியா?"

"சரி" என்றேன்.